தண்ணீரில் வலிக்காத கால்

என் வலது காலைச் சுறா கடித்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் மானம் தப்பியிருக்கும், கூச்சலும் போட்டுத் தொலைத்தேன். "சுறா! ஏலே, சுறா!" என்று நான் போட்ட கூப்பாட்டில், முங்குவதற்காகப் படகைச் சுற்றி மிதந்துகொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே தாவலில் படகுக்குள் வந்து விழுந்தார்கள். ஒருவன் விழுந்தது சோற்றுச் சட்டிக்குள். என்னைத் தூக்க ஒருத்தனும் கை நீட்டவில்லை. சுறா வாயில் இருப்பவனை இழுத்தால் பாதிதான் கையோடு வரும் என்று பயந்தார்களாம். கடைசியில் எட்டிப் பார்த்தால், என் காலைக் கவ்விக்கொண்டிருந்தது நங்கூரக் கயிறு.

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொன்ன தம்பிகள், "அண்ணாச்சி, உங்க வேலை அனுபவத்தைச் சிரிக்கச் சிரிக்க எழுதணும்" என்று கேட்டுக்கொண்டார்கள். சிரிக்க வேண்டிய பகுதி மேலே முடிந்துவிட்டது. இனி உள்ளதை எழுதுகிறேன்.

நான் சங்கு குளிப்பவன். குளித்தவன் என்று எழுத வேண்டும். கை இன்னும் பழகவில்லை. தொழில் படித்த கதையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கில் ரத்தம் வந்தது, காது அடைத்தது, இரண்டு தடவை செத்துவிட்டேன் என்று நினைத்தேன், பிறகு பழகிவிட்டது. கல்யாணமும் ஏறக்குறைய அப்படித்தான். என்ன, கடல் பதிலுக்குப் பேசாது.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து நீளமான குழாய் வரும். அதை வாயில் கடித்துக்கொண்டு, முகத்தில் கண்ணாடி, இடுப்பில் ஈயக்கட்டி, கழுத்தில் வலைப்பை, இரண்டு காலிலும் தகடு. இந்தத் தகடு கடையில் விற்கும் ரப்பர் துடுப்பு அல்ல. முறம் அகலத்துக்கு அலுமினியத்தை வெட்டி, அதன்மேல் பழைய செருப்பை ஆணியடித்து இறுக்கி, மோட்டார் சைக்கிள் டியூபை அறுத்து நடுப்பாதத்துக்கு ஒரு பட்டை, குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை. ஒரு உதைக்கு ஆள் பாய்ந்து போவான். எங்கள் கால்களுக்கு இதுதான் வேலை. தரையில் நடப்பதெல்லாம் நாங்கள் ஓய்வு நேரத்தில் செய்வது.

படகின் ஓரத்தில் உட்கார்ந்து தகட்டைக் கட்டிக்கொண்டு, அப்படியே பின்பக்கமாகக் கடலில் சரிய வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அன்றைக்கு நான் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி எழுந்து நின்று குதித்தேன். தகட்டின் நுனி நங்கூரக் கயிற்றுக்குள் செருகிக்கொண்டது. உடம்பு கடலுக்குப் போனது, விரல்கள் கயிற்றோடு நின்றுவிட்டன, இரண்டுக்கும் நடுவில் இருந்த பாதம் மடங்கியது. களுக்கென்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் சத்தம் நன்றாகக் கேட்கும்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர், "எந்திரிச்சு நில்லுங்க அண்ணாச்சி, நின்னபடி எடுக்கணும்" என்றார்.

"நின்னா செத்துருவேன்" என்று நான் அழுதேன். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. பக்கத்து அறையிலிருந்து ஒரு கிழவர் வந்து எனக்காக ஜெபம் பண்ணினார். வேறு வழியில்லாமல் படுக்கவைத்து எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல முறிவு தெரியல. சுளுக்கா இருக்கலாம். வீக்கம் குறைஞ்சு நிக்க முடிஞ்சதும் வந்து இன்னொரு படம் எடுக்கணும்" என்றார். அவர் சொன்னதில் எனக்குச் சுளுக்கு மட்டும் கேட்டது. வீட்டுக்கு வந்து என் மனைவி செல்வியிடம் எண்ணெய் போட்டு உருவிவிடச் சொன்னேன். அவள் உருவ, நான் கத்த, தெருவே வேடிக்கை பார்த்தது.

வீக்கம் குறையவில்லை. ஒரு வாரம் கழித்து, சுளுக்குக்கு மின்சாரம் வைப்பார்களாமே என்று கேள்விப்பட்டு அதே மருத்துவமனையின் பிசியோதெரபி அறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் எஸ்தர் மேடம். நாசரேத் பக்கத்துக்காரர், குடும்பமே வாத்தியார்கள். அது அவர் பார்வையிலேயே தெரியும். நான் உள்ளே போனதும் சுறா கதையை எல்லாக் கைகால் அசைவோடும் சொன்னேன். அறையில் இருந்த மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வீங்கியிருந்த மேல்பாதத்தைப் பார்க்காமல், காலைத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்தார். நடுவில் ஊதாவும் கறுப்புமாக ஒரு திட்டு.

"இது எப்ப இருந்து இருக்கு?"

"உள்ளங்காலை யாரு மேடம் பாக்கா? நானே இப்பத்தான் பாக்கேன்."

"இதுக்குக் கரண்ட் வைக்க மாட்டேன். நேரா டாக்டர்ட்ட போங்க. இப்ப நின்னுதான் படம் எடுக்கணும். அழுதாலும் நிக்கணும்."

நின்றேன். அழுதேன். படத்தில் பெருவிரல் எலும்புக்கும் அடுத்த விரல் எலும்புக்கும் நடுவில் ஒரு சந்து தெரிந்தது. நடுப்பாதத்தில் சின்னச் சின்ன எலும்புகள் வளைவாக அடுக்கியிருக்குமாம். அவற்றைக் கட்டிவைத்திருக்கும் நார் அறுந்துவிட்டது. படுத்தால் மூடிக்கொள்ளும், நின்றால் திறக்கும். என்னை முதல் நாளே நிற்கச் சொன்னது இதற்குத்தான். அறுவை செய்து திருகாணிகள் வைத்து இறுக்கினார்கள். ஒன்றரை மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. "ஊன்ற மாட்டேன், சத்தியம்" என்று மயக்க மருந்து கொடுப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

பிறகுதான் எஸ்தர் மேடத்திடம் என் உண்மையான வாழ்க்கை தொடங்கியது.

முதலில் தரையில் ஒரு துண்டை விரிப்பார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, குதிகாலை எடுக்காமல், விரல்களால் மட்டும் அந்தத் துண்டைச் சுருட்டி இழுக்க வேண்டும். சிரிப்பாக இருக்கிறதா? கடலடி மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அலைந்தவன் நான். ஒரு ஈரிழைத் துண்டு என்னை வியர்க்க வைத்தது. அடுத்தது எடை பார்க்கும் மிஷின். அதன்மேல் காலை வைத்து, மேடம் சொல்லும் எடை காட்டும்வரை மட்டும் அழுத்த வேண்டும். முள் தாண்டினால் அவர் பென்சிலால் மேசையைத் தட்டுவார். "மேடம், சங்கை எடை போடுதவன்கூட இவ்வளவு கறாரா இருக்க மாட்டான்" என்றேன்.

"அழுத்துங்க" என்றார்.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மேலும் கீழும் அசைப்பார். நடுப்பாதத்தைத் தன் ஒரு கையால் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு, கணுக்காலை மட்டும் சுற்றச் சொல்வார். வலி எங்கே என்று கேட்பார். "எல்லா எடமும்" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரு விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். கடைசியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி நுனிக்காலில் நிற்க வேண்டும். அது வந்தால், ஒற்றைக்காலில் நிற்க வேண்டும்.

"ஒத்தக்கால்ல, வலியில்லாம, குதிகால் தூக்கி நிக்கணும். அதுக்குப் பெறகு திருகாணியை எடுப்பாங்க. அதுக்குப் பெறகுதான் கடலப் பத்திப் பேச்சு."

"அதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும் மேடம்."

"அப்ப அடுத்த சீசன்."

அடுத்த சீசன் என்று அவர் சட்டென்று சொல்லிவிட்டார். ஒரு சீசன் படகில் இடம் விட்டவனுக்கு அடுத்த சீசனில் இடம் இருக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

அவருக்குத் தகடு என்றால் என்னவென்று தெரியவில்லை. கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். பட்டையை இழுத்துப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், என் காலில் தானே கட்டினார். குதிகாலை இறுகப் பிடித்துக்கொண்டு, தகட்டின் நுனியை மேலிருந்து ஒரே ஒரு விரலால் அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டிலில் முதுகுவலிக்குப் படுத்திருந்த அம்மாள் சுகமாகி எழுந்து உட்கார்ந்தார்.

"இது ஒரு விரல். கடல் எவ்வளவு அழுத்தும்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவிழ்த்துக் கையில் கொடுத்தார்.

இங்கே எங்கள் சம்மாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்மாட்டி என்றால் படகின் சொந்தக்காரர். லூர்து அண்ணாச்சி. அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. குரல் உயராது. கட்டளையே போட மாட்டார். எதையும் பாதி சொல்லி, "உன் இஷ்டம்லே" என்று முடிப்பார். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய அன்றைக்கும், "மத்த படகெல்லாம் போகல. நம்ம மட்டும் போனா நல்ல விலை கெடைக்கும். உன் இஷ்டம்லே" என்பார். நாங்கள் போவோம். போனது எங்கள் இஷ்டம் ஆகிவிடும். அவர் ஒரு தடவை அதட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன், தப்பித்திருப்பேன்.

எனக்கு அந்தப் படகில் ஒரு மதிப்பு இருந்தது. சங்கு எங்கே கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஜி.பி.எஸ். பார்த்தல்ல. கரையைப் பார்த்து. கலங்கரை விளக்கம் முயல் தீவின் வடக்கு முனைக்கு நேராக வர வேண்டும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளில் இரண்டாவது முதலாவதன் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தினால் நங்கூரத்தைப் போடலாம். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. நான் படகில் இருக்கும்போது அந்த ஜி.பி.எஸ். பெட்டியை அணைத்து வைக்கச் சொல்வேன். "எனக்கும் அதுக்கும் ஆகாது அண்ணாச்சி, சக்களத்தி மாதிரி" என்பேன். சம்மாட்டி சிரித்துக்கொண்டே அணைப்பார். இப்போது எழுதிவிட்டேன். எழுதலாம், கெட ஒன்றும் மிச்சமில்லை.

சீசன் நடந்துகொண்டிருந்தது. சம்மாட்டி திராட்சைப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். பிள்ளைகள் படிப்பை விசாரித்தார். செல்வி போட்ட காப்பியைப் புகழ்ந்தார்.

"சங்கே கெடைக்கலலே மிக்கேலு. எங்க போட்டாலும் வெறும் மணல். உன் எடத்துல ஆளு யாரும் போடல, பயப்படாத. எங்க அக்கா மவன் ரோஷன் இருக்காம்லா, சும்மா உன் கண்ணாடிய மாட்டிப் பாத்தான். அளவு சரியாத்தான் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். அன்றிரவு நான் திராட்சை தின்றேன், ஆனால் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஊன்றுகோலை மணலில் குத்திவைத்துவிட்டுக் கடலில் இறங்கினேன். முழங்கால் ஆழத்தில் வலி இருந்தது. இடுப்பளவில் குறைந்தது. நெஞ்சளவு போனதும் வலியே இல்லை. வலது காலை ஊன்றினேன். ஒற்றைக்காலில் நின்றேன். குதிகாலைத் தூக்கினேன். எஸ்தர் மேடம் கேட்ட அதே ஒற்றைக்கால்! தண்ணீருக்குள் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவன் எனக்கு வலிப்பு வந்துவிட்டதாக ஓடிவந்தான்.

என் கணக்கு எளிமையானது. கரையில்தான் வலிக்கிறது. எனக்கு வேலை கரையில் இல்லை. கடைக்காரனுக்கும் தபால்காரருக்கும் வேண்டுமானால் அந்த மேடத்தின் சட்டம் பொருந்தும். சங்கு குளிப்பவனுக்கு எதற்கு? எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். முதுகு பிடித்தவன், முழங்கால் போனவன் எல்லோரும் எங்களுக்குள், "உள்ள எறங்கிட்டா வலி தெரியாதுலே" என்று சொல்லித்தான் காலம் ஓட்டினோம்.

எஸ்தர் மேடத்திடம் வெற்றி வீரனாகப் போய்ச் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"தண்ணி உங்க எடையத் தூக்கிக்கிடுது, அண்ணே. கால் ஆறல. கால்மேல பாரம் இல்ல, அவ்வளவுதான். ஆனா தகடு கட்டுனா தண்ணியே பாரம். அன்னைக்கு ஒரு விரல் வச்சேன்லா?"

"அது கரையில மேடம்."

அவர் துண்டை விரித்தார்.

செல்வி சொன்னாள்: "நீரு என்ன, கோட்டி புடிச்சிருக்கா? அந்தப் புள்ள படிச்சிட்டுச் சொல்லுது."

"ஏளா, அது படிச்சது கால. நான் படிச்சது கடல."

"ரெண்டுலயும் நீரு பெயிலு" என்றாள்.

அந்த வாரமே சம்மாட்டி மறுபடி வந்தார். நான் தண்ணீரில் ஆடிய செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"நீ முங்க வேண்டாம். படகுல சும்மா உக்காந்து எடத்த மட்டும் காட்டு. காலுக்கு ஒண்ணும் ஆவாது. நாளைக்குக் கடல் நல்லா தெளிஞ்சு கெடக்கும்ங்காவோ. உன் இஷ்டம்லே."

என் இஷ்டப்படியே மறுநாள் விடியும்முன் படகில் உட்கார்ந்திருந்தேன்.

புகைபோக்கி புகைபோக்கியின் பின்னால் ஒளிந்ததும் கையைத் தூக்கினேன். நங்கூரம் விழுந்தது. முதலில் முங்கியவன் பையை நிரப்பிக்கொண்டு வந்தான். அவன் மேலே வந்ததும் எல்லோரும் ஊளையிட்டார்கள். "மாமா, நீங்க மனுசனே இல்ல!" என்று ரோஷன் என் தோளைக் குலுக்கினான். ஒரு கையில் போனை வைத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்குச் சேதி அனுப்புகிறான் என்று நினைத்தேன். பெட்டியைத்தானே அணைக்கச் சொன்னேன். போனை யார் நினைத்தார்கள்?

சம்மாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தண்ணிக்குள்ள வலிக்கலைன்னியேலே?" என்று மட்டும் கேட்டார். இஷ்டம் என்றுகூடச் சொல்லவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த தகட்டைக் கட்டினேன். இந்தத் தடவை ஒழுங்காக உட்கார்ந்து, பின்பக்கமாகச் சரிந்தேன்.

அடியில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத வராது. வலி இல்லை. மணல் தெளிவாகக் கிடந்தது. தடம் தடமாகச் சங்கு. எடுத்தேன், எடுத்தேன், பை கழுத்தை இழுக்கும்வரை எடுத்தேன். எஸ்தர் மேடத்துக்கு ஒரு நல்ல சங்காகப் பார்த்துக் கொண்டுபோய் மேசையில் வைத்து, "அழுத்துங்க" என்று சொல்ல வேண்டும் என்று வசனமெல்லாம் தயார் செய்தேன்.

மேலே வரும்போது நீரோட்டம் எதிரே இருந்தது. பாரத்தோடு எதிர்நீரில் ஏற வேண்டுமானால் ஓங்கி உதைக்க வேண்டும். உதைத்தேன். இரண்டாவது உதையில் பாதத்துக்குள் ஏதோ ஒடிந்தது. கத்த முடியவில்லை, வாயில் குழாய். பயத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், வலிக்கிற காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காலைப் பிடித்தவன் எப்படி நீந்துவான்? அப்படியே கீழே போக ஆரம்பித்தேன். ஒரு மனிதன் சாகும் நேரத்தில் பிள்ளைகளை நினைப்பான் என்பார்கள். நான் நினைத்தது, பை அவிழ்ந்து சங்கு கொட்டிவிடக் கூடாதே என்று. குழாய் வெடுக்கென்று இழுபடுவதைப் பார்த்துவிட்டு மேலே இருந்தவர்கள் என்னை இழுத்து ஏற்றினார்கள். பை பத்திரமாக இருந்தது. அதைத்தான் முதலில் வாங்கினார்கள்.

திருகாணி இரண்டாக ஒடிந்திருந்தது. சந்து முன்பைவிட அகலமாகி, எலும்பின் முகம் நொறுங்கியிருந்தது. இந்தத் தடவை எலும்பு மூட்டைச் சேர்த்து இறுக்கவில்லை; மூட்டையே இல்லாமல் ஆக்கினார்கள். எலும்போடு எலும்பை ஒட்டவைத்து, மேலே உலோகத் தகடு வைத்து மூடினார்கள். காலுக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்தது ஒருவழியாக உள்ளே குடியேறிவிட்டது.

சம்மாட்டி மருத்துவமனைக்கு வந்தார். திராட்சைதான். "ஓய்வெடு மிக்கேலு. நல்லா ஓய்வெடு" என்றார். இவ்வளவு வருஷத்தில் அவர் என்னிடம் நேரடியாகச் சொன்ன ஒரே கட்டளை அதுதான்.

எஸ்தர் மேடம் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அதே துண்டு, அதே மிஷின், அதே பென்சில். சில நாள் கழித்து அவரே கேட்டார்: "என்ன அண்ணே, இப்பல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"நீங்கதான் சிரிக்க மாட்டியளே மேடம்."

"வீட்டுக்குப் போய்ச் சிரிப்பேன்" என்றார்.

அன்றைக்குத்தான் கேட்டேன், கடலுக்கு எப்போது என்று. அவர் என் பாதத்தின் நடுவில் கையை வைத்தார்.

"இது இனி மடங்காது. நடக்கலாம், பஸ் ஏறலாம், மாதா கோயிலுக்குப் போகலாம். நல்லாவே நடப்பீங்க. தகட்டுக்கு மடங்குற கால் வேணும், அண்ணே."

தம்பிகளுக்கு ஒரே ஒரு தொழில் விஷயம் சொல்லலாம். இப்போது நீங்கள் போடும் விலை உயர்ந்த ரப்பர் துடுப்பும் பாதத்தை நெம்பத்தான் செய்யும். பாதத்தில் அடிபட்டால் முதலில் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். நின்று படம் எடுக்கச் சொன்னால் நில்லுங்கள். உங்களுக்கு இது புரியாது, எனக்கும் புரியவில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

ஊன்றுகோலை விட்ட பிறகு ஒரு நாள் கரைக்கு நடந்து போனேன். நன்றாகவே நடந்தேன். எங்கள் படகு கரையேறிக்கொண்டிருந்தது. சாக்குச் சாக்காகச் சங்கு. ரோஷன் என் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இறங்கி வந்தான்.

"எங்கலே எடுத்திய?" என்றேன்.

"அங்கனதான் மாமா. நீங்க காட்டுனது. போன்ல குறிச்சு வச்சிருக்கேன்லா" என்று போனைத் தட்டிக் காண்பித்தான். கள்ளம் இல்லாத பையன். நான் சந்தோஷப்படுவேன் என்றுதான் சொன்னான்.

அந்தச் சீசன் முடியும்வரை படகு அங்கேதான் போனது. இடம் காட்ட என்னை யாரும் கூப்பிடவில்லை.